மீன் இளைத்துச் சாகிறதா? மருந்து போடும் முன் பார்க்க வேண்டிய வரிசை

தொட்டியில் ஒரு மீன் இளைக்கிறது. மூன்று வாரத்தில் சாகிறது. அடுத்து இன்னொன்று இளைக்கத் தொடங்குகிறது. கடைக்குப் போனால் ஒரு நீல மருந்து, ஒரு மஞ்சள் பொடி, கூடவே கொஞ்சம் கல் உப்பு. எல்லாவற்றையும் போட்ட பிறகும் மூன்றாவது மீன் போகிறது. பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் என்னிடம் வருவார்கள். அப்படி வந்த ஒரு தம்பி, பாலித்தீன் பையில் செத்த மோலி மீனை நீட்டி, "அண்ணா, மூணு மருந்தும் போட்டாச்சு. இன்னும் என்ன போடலாம்?" என்றான். எப்போது செத்தது என்று கேட்டேன். "நேத்து ராத்திரி." அந்த மீனை வைத்து ஒன்றுமே சொல்ல முடியவில்லை.

இளைப்பு என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. பல காரணங்கள் கடைசியில் இதே எலும்பும் தோலுமான மீனில் வந்து நிற்கும். மூன்று கேள்விகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மீனுக்குத் தீனி கிடைக்கவில்லையா? கிடைத்தும் தின்னவில்லையா? தின்றும் உடம்பில் ஒட்டவில்லையா? கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த மூன்றைப் பிரித்துக் காட்டத்தான். வரிசையை மாற்றாதீர்கள், முன் படியில் கிடைக்கும் பதில் இல்லாமல் பின் படியைப் படித்தால் தப்பான முடிவுக்குத்தான் போவீர்கள்.

1. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

சொட்டு மருந்து வைத்துச் சோதிக்கும் கிட் ஒன்று: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் நான்கும் இருக்க வேண்டும். காகிதப் பட்டையில் நனைத்துப் பார்ப்பது மலிவு. ஆனால் பல பட்டைகளில் அம்மோனியா இருக்காது, நமக்கு முதலில் தேவையே அதுதான்.

தெர்மாமீட்டர், டார்ச், கேமரா உள்ள போன், ஒரு நோட்டு. 15–20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதற்கென்று தனி வலை, ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். இந்த ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் ஓடவிட்டு வையுங்கள். புது ஸ்பாஞ்சில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா இருக்காது. நோயாளியைப் போட்ட இரண்டாம் நாளே டப்பாவில் அம்மோனியா ஏறிவிடும்.

கையுறை, சின்னக் கத்தரி, மருந்துக் கடை கிராம்பு எண்ணெய். மில்லிகிராம் கணக்கில் மருந்து நிறுக்க 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு. "ஒரு சிட்டிகை" என்று போடுகிறவர்கள்தான் மருந்தால் மீனைக் கொல்கிறவர்கள். மைக்ரோஸ்கோப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதி தூரம் போகலாம்.

2. முதலில் தண்ணீர்

அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பிபிஎம்-க்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு) கீழே. இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கெட்ட தண்ணீரில் உள்ள மீன் சோர்ந்து நிற்கும், தின்னாது, வேகமாக மூச்சு வாங்கும். எல்லா நோயும் அப்படித்தான் தெரியும்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணா" என்பார்கள். அம்மோனியாவுக்கு நிறமில்லை. நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் பிஹெச் 8-ஐ ஒட்டி இருக்கும். வெயில் காலத்தில் தொட்டி 30 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில் பிஹெச் 7-ல் இருக்கும் அம்மோனியாவைவிட அதே அளவு அம்மோனியா பிஹெச் 8-ல் ஏறக்குறைய 10 மடங்கு விஷமாக இருக்கும். அதனால் கிட்டில் லேசான பச்சை தெரிந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள், ஒரு வாரம் பொறுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் நீக்கியபின் ஊற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். குளோரின் தண்ணீர் ஸ்பாஞ்சில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் இளைக்கிறது என்றால் அடுத்த படி.

3. எத்தனை மீன், எத்தனை நாள்

நோட்டில் எழுதுங்கள்: எந்த மீன், எப்போது வாங்கியது, எப்போது இளைத்தது, எப்போது செத்தது. அதற்கு முன் இரண்டு மாதத்தில் தொட்டிக்குள் என்ன புதிதாக வந்தது: மீன், செடி, டியூபிஃபெக்ஸ் புழு, கொசுப் புழு, புதுத் தீனிப் பாக்கெட். நினைவில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். எழுத உட்காரும்போதுதான் "அட, அந்த ஏஞ்சல் வந்த பிறகுதானே" என்று தோன்றும்.

உடம்பு தேயாமல் ஒன்றிரண்டு நாளில் செத்த மீன் இந்தக் கணக்கில் வராது. அது ஆக்சிஜன் குறைவு, விஷம் அல்லது வேகமான பாக்டீரியாத் தொற்று. விடியற்காலையில் மொத்த மீனும் மேலே வந்து வாய் பிளக்கிறது என்றால் ஏர் பம்பைப் பாருங்கள்.

கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்கள் மட்டும் இளைத்தால் குடல் புழுவை முதலில் சந்தேகியுங்கள். ஏஞ்சல், டிஸ்கஸ் என்றால் கசையிழை உயிரிகள் (சாட்டை போன்ற இழையால் நீந்தும், கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணிகள்), அதற்கடுத்து மெல்லிய முடிப்புழு. நியான் டெட்ராவில் பளிச்சென்ற நிறம் திட்டுத் திட்டாக வெளிறி, முதுகு வளைந்தால் நியான் டெட்ரா நோய். அதற்கு மருந்து கிடையாது, மீனை உடனே பிரிப்பதுதான் வழி. பல இனங்களில், சில வாரத்துக்கு ஒன்று என்று மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால் மீன் காசநோய் நினைவுக்கு வரவேண்டும்.

ஒரே ஒரு மீன், அதுவும் வயதானது என்றால் முதுமையாகவும் இருக்கலாம். கப்பியின் ஆயுள் சுமார் 2–3 வருடம். கடையில் வாங்கும்போதே அதில் சில மாதம் போயிருக்கும்.

4. தீனி நேரத்தில் பத்து நிமிடம்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இதுதான். மூன்று கேள்விகளும் பிரிவதும் இங்கேதான். தீனி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மேலே வந்து கும்மாளமிடும் மீன்களைப் பார்த்து "எல்லாம் சாப்பிடுது" என்று நினைக்கிறோம்.

தொட்டிக்கு ஓரமாக உட்காருங்கள். இளைத்த மீனை மட்டும் பாருங்கள், மற்றதைக் கண்ணால்கூடத் தொடாதீர்கள். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

வருகிறது, ஆனால் கிடைக்கவில்லை: இன்னொரு மீன் துரத்துகிறது, அல்லது இது வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஆண் கப்பிகள் விடாமல் விரட்டும் பெண் கப்பி செடிக்குப் பின்னாலேயே நின்று இளைக்கும். வேகமான கோல்டு ஃபிஷ்ஷோடு போட்ட, மெதுவாக நீந்தும் உருண்டை உடம்புக் கோல்டு ஃபிஷ் பட்டினி கிடக்கும். அதிகம் பட்டினியால் சாவது சக்கர் மீன். "கண்ணாடியைச் சுத்தம் பண்ணும், அழுக்கைத் தின்னும்" என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவரும் அதற்குத் தீனியே போடுவதில்லை. பாசி தீர்ந்தபின் அது கண்ணாடியில் ஒட்டியபடியே உள்ளொடுங்கிப் போகும். கண்ணாடி வழியாக அதன் வயிற்றைப் பாருங்கள்: குழிவிழுந்திருந்தால் அதற்கு நோய் அல்ல, பசி. விளக்கு அணைத்தபின் மூழ்கும் தீனியும் லேசாக வெந்த வெள்ளரித் துண்டும் போடுங்கள்.

இந்த வகையை உறுதிசெய்வது எளிது. மீனைத் தனி டப்பாவில் விட்டு 7–10 நாள் தீனி போடுங்கள். வயிறு நிரம்பினால் முடிந்தது விஷயம்.

வாயில் வாங்கித் துப்புகிறது, அல்லது வரவேயில்லை: முதலில் தீனியின் அளவைப் பாருங்கள், வாய்க்குப் பெரிதா? பிறகு டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். கோல்டு ஃபிஷ்ஷின் வாயில் கூழாங்கல் சிக்கி வாய் மூடாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உதட்டில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் பாக்டீரியாத் தொற்று. அது நாள்கணக்கில் பரவும், காத்திருக்காதீர்கள். இரண்டும் இல்லை, மூச்சு மட்டும் வேகம், உடம்பைக் கல்லில் தேய்க்கிறது என்றால் செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம். இவை எதுவும் இல்லாமல் தீனியை விட்டு ஒதுங்கி நின்றால் குடல் சங்கதி.

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது: புழு, கசையிழை உயிரி, காசநோய், இவற்றில் ஒன்று. அதற்கு முன் தீனியையும் ஒருமுறை சந்தேகியுங்கள். மூட்டையைப் பிரித்து எடை போட்டு விற்கும் தீனி எத்தனை மாதம் வெயிலில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வைட்டமின் சி போய்விடும், கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். மோந்து பாருங்கள். நான் சின்ன பாக்கெட்டாக வாங்கி மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

5. ஒட்டிய வயிறா, தேய்ந்த முதுகா

மீனை மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் தெரியாதது மேலிருந்து தெரியும். வயிறு மட்டும் ஒட்டியிருந்தால் சில நாளாகத் தின்னவில்லை என்று அர்த்தம். தலைக்குப் பின்னால் சதை வற்றி, முதுகு கத்தி முனை மாதிரி ஆகி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் வாரக்கணக்கில் உடம்பே கரைகிறது. முதல் வகை தேறும், இரண்டாம் வகையில் பாதி மீன்கூடத் தேறாது என்பது என் அனுபவம்.

பெண் கப்பி, மோலியில் ஏமாந்துவிடுவார்கள். வயிறு உருண்டையாக இருக்கும், "குட்டி போடப் போகுது" என்பார்கள். முதுகு தேய்ந்திருந்தால் அந்த வயிற்றில் இருப்பது குட்டியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. புழுவும் வயிற்றை உப்ப வைக்கும்.

6. கழிவும் மலத்துளையும்

செத்த மோலியோடு வந்த அந்தத் தம்பியின் தொட்டிக்கு நேரில் போனேன். மீன்கள் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இளைத்த பெண் மோலி ஒன்று அசையாமல் ஒரு கணம் நின்றது. மலத்துளையிலிருந்து சிவப்பு நூல் மாதிரி மூன்று நீட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் 2–3 மில்லிமீட்டர். மீன் நகர்ந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டன. "அது கழிவு இல்லையா அண்ணா?" என்றான். கழிவு தானாக உள்ளே போகாது. அது கமல்லானஸ் என்ற குடல் புழு. அவன் போட்ட மூன்று மருந்தில் ஒன்றுகூட அதைத் தொட்டிருக்காது.

மீன் நீந்தும்போது இந்தப் புழு தெரியாது, மீன் நின்றால்தான் தெரியும். அதனால் பொறுமை. சிவப்பு தெரியாவிட்டால் கழிவின் நிறத்தைப் பாருங்கள். தீனியின் நிறத்தில் சிறு துண்டுகளாக விழுந்தால் குடல் வேலை செய்கிறது. வெள்ளையாக, சளி மாதிரி நீளமாகத் தொங்கினால் எச்சரிக்கை. ஆனால் பெரிய தவறும் இங்கேதான்: வெள்ளைக் கழிவு என்றாலே குடல் ஒட்டுண்ணி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் தின்னாத எந்த மீனும் வெறும் குடல் சளியைத்தான் வெள்ளையாக விடும். நன்றாகத் தின்னும் மீன் வெள்ளைக் கழிவு விட்டால்தான் அதைப் பெரிய அறிகுறியாக எடுக்க வேண்டும்.

7. தனி டப்பா

இளைத்த மீனைப் பிரியுங்கள். மணல் வேண்டாம், வெறும் தரை. கழிவு என்ன நிறம், எத்தனை தீனி மிச்சம் என்று எண்ணிப் பார்க்க அப்போதுதான் முடியும். ஒளிய ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மூடி வையுங்கள், பயந்த மீன் குதிக்கும்.

முதல் இரண்டு நாள் மருந்து வேண்டாம். இடம் மாறியதால் வரும் சோர்வும் மருந்தால் வரும் சோர்வும் ஒன்றாகக் கலந்தால் எதையும் படிக்க முடியாது. வலை, சைபன் குழாய், பக்கெட் எதுவும் இரண்டு தொட்டிக்கும் பொது அல்ல. குழாயை வாயால் உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள். காரணம் கடைசிப் படியில்.

8. திறந்து பார்ப்பது

இன்னும் பதில் கிடைக்கவில்லை, தொட்டியில் வேறு மீன்களும் இளைக்கின்றன என்றால், பிழைக்கவே பிழைக்காது என்று தெரியும் ஒரு மீனை எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். மனசு கேட்காதுதான். ஆனால் அது தானாகச் செத்து, 30 டிகிரி தண்ணீரில் ஒரு ராத்திரி கிடந்தால், குடல் கூழாகிவிடும். ஒட்டுண்ணிகளும் செத்து அடையாளம் தெரியாமல் போய்விடும்.

மீனை வலியில்லாமல் கொல்ல, ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் அதை விடுங்கள். அரை மில்லி கிராம்பு எண்ணெயை, அதாவது சுமார் 10 சொட்டு, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் பால் மாதிரி வரும்வரை குலுக்கிக் கலக்குங்கள். முதலில் கொஞ்சம் ஊற்றி மீன் மயங்கியபின் மீதியை ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்றபின்னும் 15–20 நிமிடம் அப்படியே இருக்கட்டும். ஐஸ் தண்ணீரில் போடுவது, சிங்க்கில் விடுவது எல்லாம் வேண்டாம்.

கையுறை போடுங்கள். செவுள் மூடியை வெட்டிப் பாருங்கள்: நல்ல செவுள் ரத்தச் சிவப்பு, வெளிறியிருந்தால் ரத்தசோகை. அப்புறம் மலத்துளையிலிருந்து தொண்டை வரை மேலாக வெட்டுங்கள். கத்தரியின் முனை ஆழமாகப் போனால் குடல் கிழிந்து எல்லாம் கலந்துவிடும்.

ஈரல், மண்ணீரல், முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புச் சிறுநீரகம் மூன்றையும் பாருங்கள். ரவையைத் தூவினாற்போல வெள்ளை மணிகள் இருந்தால் காசநோய்ச் சந்தேகம். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது, வேறு சில நோயிலும் இப்படி வரும். ஆய்வகத்தில், காசநோய்க் கிருமியைக் காட்டும் ஜீல்-நீல்சன் சாயம் போட்டுப் பார்ப்பார்கள்.

குடலின் கடைசிப் பகுதியைக் கீறுங்கள். சிவப்பு நூல் இருந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். மைக்ரோஸ்கோப் இருந்தால் குடல் உட்பக்கத்தைச் சுரண்டி, ஒரு சொட்டு சலைன் விட்டு, மூடுகண்ணாடி வைத்து உடனே பாருங்கள். 100 மடங்கில் பீப்பாய் வடிவத்தில் இரு முனையிலும் மூடி வைத்த முட்டை தெரிந்தால் முடிப்புழு. 400 மடங்கில் சின்னச் சின்னப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் அம்பு மாதிரி பாய்ந்தால் கசையிழை உயிரிகள். கால் மணி நேரம் போனால் அவை ஓய்ந்துவிடும், பிறகு பார்த்து "ஒன்றும் இல்லை" என்று எழுதாதீர்கள்.

குடல் காலி, கொழுப்பே இல்லை, வேறு எதுவும் தெரியவில்லை என்றால் நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள். பட்டினியாக இருக்கும்.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்திலும் மீன் நோய் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே பேசிவிட்டு, சாகும் நிலையில் உள்ள மீனை உயிரோடு கொண்டுபோங்கள். தொட்டித் தண்ணீரைத் தனி பாட்டிலில் எடுங்கள். மீன் செத்துவிட்டால் ஐஸ் மேல் வையுங்கள், ஃபிரீசரில் அல்ல. உறைந்தால் திசு சிதைந்துவிடும்.

9. இப்போது மருந்து

சிவப்புப் புழு: லெவாமிசோல் ஹைட்ரோகுளோரைடு, லிட்டருக்கு 2 மில்லிகிராம். 100 லிட்டர் தொட்டிக்கு 200 மில்லிகிராம். கல்லும் மணலும் எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். கால்நடை மருந்துக் கடையில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: மாட்டுக்கான பல மருந்துகளில் லெவாமிசோலோடு ஆக்சிகுளோசனைடும் சேர்ந்திருக்கும், அது வேண்டாம். விளக்கை அணைத்து 24 மணி நேரம். மருந்து புழுவைக் கொல்வதைவிட முடக்குகிறது. முடங்கிய புழு வெளியே விழும். அதனால் தரையைச் சைபன் செய்து பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றினால்தான் வேலை முடியும். இந்தப் படியை விட்டவர்கள் "மருந்து கேக்கலை" என்பார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. முழுத் தொட்டிக்கும் போடுங்கள், இளைத்த மீனுக்கு மட்டும் அல்ல.

முடிப்புழு: ஃபென்பெண்டசோல் தீனியில் கலந்து தரலாம். நத்தை வைத்திருந்தால் முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள்.

கசையிழை உயிரி: மெட்ரோனிடசோல், ஒரு கிராம் தீனிக்கு 10 மில்லிகிராம். 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 கிராம் தீனிக்கு. நன்றாகப் பொடித்து, ஜெலட்டின் கரைசலில் கலந்து தீனியில் பூசி உலர்த்துங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் கரைந்து போய்விடும். 5 நாள். மீன் தின்னும்போதே தொடங்க வேண்டும், வாயை மூடிவிட்ட மீனுக்குத் தீனி மருந்தால் பயனில்லை. இது மருத்துவர் சீட்டில் வாங்க வேண்டிய மருந்து. கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மருந்து. இரண்டைச் சேர்த்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

10. காசநோய் என்று தோன்றினால்

இங்கே என் தவறையும் சொல்லிவிடுகிறேன். எனது 60 லிட்டர் மோலித் தொட்டியில் நான்கு மாதம் புழு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மீனின் முதுகு வளைந்தது, இன்னொன்றுக்குக் கண் பிதுங்கியது, எல்லாம் இளைப்பு. சிவப்பு நூலை ஒருநாளும் பார்க்கவில்லை. ஆறாவது மீனைத் திறந்தபோது ஈரல் முழுக்க ரவை. அதுவரை புது மோலிகளை வாங்கி அதே தொட்டியில் விட்டுக்கொண்டே இருந்தேன்.

மைக்கோபாக்டீரியம் மரினம் போன்ற கிருமிகளால் வரும் இந்த நோய்க்கு நம்பக்கூடிய மருந்து இல்லை. இது மனிதத் தோலிலும் புகும்: கையில் கீறல் இருந்தால் சில வாரம் கழித்து ஆறாத முடிச்சாக வரும். அப்படி வந்தால் மருத்துவரிடம் மீன் வளர்ப்பதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த எண்ணமே வராது. கையில் புண் இருக்கும் நாளில் தொட்டிக்குள் கை விடாதீர்கள். நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் அந்தத் தொட்டி வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது.

மிச்ச மீன்கள் தெம்பாக இருந்தால் வளர்க்கலாம். புது மீன் சேர்க்காதீர்கள், அந்தத் தொட்டி மீனையோ செடியையோ யாருக்கும் கொடுக்காதீர்கள். இளைப்பதை உடனே எடுங்கள், செத்ததை மற்றவை கொத்தவிடாதீர்கள். பரவும் முக்கிய வழி அது. கடைசி மீனும் போனபின் மணல், ஸ்பாஞ்ச், செடி மூன்றும் குப்பைக்கு. கண்ணாடியைத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவைத்து, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக் காற்றோட்டமான இடத்தில் கவிழ்த்து வையுங்கள். நெருப்புப் பக்கத்தில் இருக்கக் கூடாது. வலையையும் தூக்கிப் போடுங்கள், புது வலை அப்படி ஒன்றும் விலை இல்லை.